மானிட்டரைத் தூக்கிப் போடும் முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில், விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பை வீசிவிட மனசில்லாத பலர், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸுக்கு வந்திருக்கிறார்கள். லினக்ஸ் வகைகளில் உபுண்டு போடுகிறார்கள், மின்ட் போடுகிறார்கள், நல்லாவே ஓடுகிறது. லேப்டாப் திரை சின்னதாக இருக்கிறது, கண் வலிக்கிறது என்று செகண்ட் ஹேண்டில் ஒரு மானிட்டரை வாங்கி மாட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. படம் வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, ஓரம் கலங்கி, பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகிறது. செட்டிங்ஸில் போய் ரெசல்யூஷனை, அதாவது திரையில் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்ற அளவைப் பார்த்தால், 1024-க்கு 768-க்கு மேல் பட்டியலில் எதுவுமே இல்லை.

எங்கே கொண்டுபோய்க் காட்டினாலும் கிடைக்கிற பதில்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "லினக்ஸுல இதெல்லாம் வராது தம்பி, விண்டோஸே போட்டுருங்க" என்கிறார்கள். "மானிட்டர் போயிருச்சு அண்ணாச்சி, வேற பாருங்க" என்கிறார்கள். முக்கூடலில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவிக்கு, கடையில் "தனி கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், தனியாக ஒன்றை வாங்கிச் செருக உள்ளே இடமே கிடையாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது மானிட்டருக்குப் படம் கொண்டுபோகிற வேறொரு விஜிஏ வயர், அவ்வளவுதான். வயரை மாற்றியதும் 1600-க்கு 900 தானாக வந்துவிட்டது. பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கிற ஒரு பிள்ளையிடம், சோதித்துப் பார்க்காமல் இன்னொரு செலவைச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பேர் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன மெமரி சிப் இருக்கிறது. நான் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் செய்தது, எத்தனை சென்டிமீட்டர் அகலம், எனக்குப் பொருத்தமான ரெசல்யூஷன் எது என்பதையெல்லாம் அதில் எழுதி வைத்திருப்பார்கள். இதற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர், 1994-லிருந்து இருக்கிற ஏற்பாடு. அடிப்படைத் தகவல் வெறும் 128 பைட்தான். வயரை மாட்டியதும் லேப்டாப் முதலில் இதைத்தான் கேட்டு வாங்கும். வாங்க முடிந்தால் சரியான அளவு தானாக வந்துவிடும். தகவல் வரவே இல்லை என்றால், எதிரே இருப்பது என்ன மானிட்டர் என்று லினக்ஸுக்குத் தெரியாது. தப்பான அளவை அனுப்பி இருட்டாக்குவதை விட, ஏறக்குறைய எல்லா மானிட்டரும் ஏற்றுக்கொள்ளும் 1024-க்கு 768-ஐக் கொடுத்துவிட்டு அதோடு நின்றுகொள்ளும். லினக்ஸுக்கு ரெசல்யூஷன் தெரியாது என்று குறை சொல்வது அதனால்தான் தப்பு. அதற்குப் போய்ச் சேர வேண்டிய தகவல் வழியிலேயே நின்றுவிட்டது.

வழி என்று நான் சொல்வது வயரைத்தான். விஜிஏ பிளக்கில் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, மொத்தம் 15 பின். இதில் மூன்றாவது வரிசையில் இருக்கிற 12-வது பின்னும் 15-வது பின்னும்தான் இந்தத் தகவலைக் கொண்டு போகிறவை. படத்துக்கு வேண்டிய சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முதல் மூன்று பின்களில் போகின்றன. ஆகவே 12-ம் 15-ம் அறுந்திருந்தாலும் படம் மட்டும் நிறத்தோடு நன்றாகவே வரும், வயர் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. விலை குறைந்த வயர்கள் சிலவற்றில் இந்த இரண்டு கம்பிகளை உள்ளே ஓட்டாமலே விட்டுவிடுகிறார்கள். வெளியே பின் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பழைய வயர் என்றால் பின் வளைந்து ஒரு பக்கமாக ஒடுங்கியும் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

கன்வர்ட்டர் விஷயம் இதைவிடச் சங்கடம். புது லேப்டாப்பில் விஜிஏ கிடையாது, பழைய மானிட்டரில் எச்டிஎம்ஐ கிடையாது, ஆகவே நடுவில் சின்னதாக ஒரு கன்வர்ட்டர். எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக், ஒன்றை மற்றொன்றாக மாற்ற அதற்குள் ஒரு சிப் இருந்தாக வேண்டும். அந்த சிப் மானிட்டரின் தகவலை லேப்டாப்புக்குக் கடத்திவிட்டால் நல்லது. சிலது கடத்துவதில்லை, சிலது மானிட்டருக்குப் பதிலாகத் தன்னுடைய பட்டியலையே கொடுத்துவிடும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவதும் விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும் வேறு வேறு பொருள் என்பதைக் கூட வாங்குகிறவர்களுக்குக் கடையில் சொல்வதில்லை. டைப்-சி போர்ட்டும் அப்படித்தான். அந்த வடிவத்தில் துளை இருந்தால் படம் வரும் என்று அர்த்தமில்லை, சில லேப்டாப்பில் அது டேட்டாவுக்கும் சார்ஜுக்கும் மட்டும்தான். சாதாரண யூஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐ எடுக்கும் பெட்டிகளில் டிஸ்ப்ளேலிங்க் என்ற கம்பெனியின் சிப் இருந்தால் லினக்ஸில் பெரும்பாலும் அதற்குத் தனி டிரைவர் (சிப்பை இயக்கும் புரோகிராம்) போட வேண்டும்.

சரி, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வேறொரு வயரைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். மானிட்டரின் பவர் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டுங்கள், உள்ளே சிக்கிக்கொண்ட சிப் சில சமயம் இதிலேயே தெளிந்துவிடும். அப்புறம் கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கிடைக்கிற அளவுகளைப் பட்டியலிடும். நட்சத்திரக் குறி போட்டது இப்போது ஓடுகிற அளவு, கூட்டல் குறி போட்டது மானிட்டர் தானே விரும்பிக் கேட்கிற அளவு. உங்கள் பட்டியலில் 1024-க்கு 768, 800-க்கு 600, 848-க்கு 480, 640-க்கு 480 என்று நாலே நாலு இருந்து, கூட்டல் குறியே எங்கும் இல்லை என்றால், மானிட்டரிடமிருந்து தகவல் வரவில்லை என்று அநேகமாக முடிவு செய்துவிடலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், சிஸ், கிளாஸ், டிஆர்எம் (/sys/class/drm) என்று வரிசையாகக் கோப்புறைகளுக்குள் போனால் போர்ட் ஒன்றுக்கு ஒரு கோப்புறையும் அதனுள் இ.டி.ஐ.டி. (edid) என்ற பெயரிலேயே ஒரு கோப்பும் இருக்கும். கோப்பின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தகவல் இருந்தாலும் அது 0 என்றுதான் காட்டும். உள்ளே இருப்பதை டெர்மினலில் படித்துப் பார்க்க வேண்டும், ஒன்றுமே வராவிட்டால் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வயர் நன்றாக இருந்தும் சரியாகவில்லையா, அப்போது நான் அடுத்ததாகப் பார்ப்பது நோமோட்செட். லினக்ஸை நிறுவும்போது திரை கறுப்பாக நின்றுவிட்டால் "சேஃப் கிராபிக்ஸ்" அல்லது "கம்பாட்டிபிலிட்டி மோட்" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அது செய்வது, நோமோட்செட் (nomodeset) என்ற ஒரு சொல்லை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குச் சேர்த்து அனுப்புவது. கிராபிக்ஸ் சிப்பின் உண்மையான டிரைவரை ஏற்றாதே, தெரிந்த அளவில் ஒரு படத்தை மட்டும் காட்டு என்று அதற்குப் பொருள். நிறுவுகிற நேரத்துக்கு அது உதவிதான். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், பலர் எடுப்பதில்லை, லேப்டாப் தொடங்கும்போது லினக்ஸை ஏற்றிவிடுகிற கிரப் என்ற புரோகிராமின் கோப்பில் அப்படியே தங்கிவிடுகிறது. அது இருக்கும்வரை ரெசல்யூஷனை மாற்ற முடியாது, வெளி மானிட்டர் இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியாமல் போகும். அடுத்தவர் நிறுவிக் கொடுத்த லேப்டாப் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். கிரப் கோப்பில் அந்த ஒரு சொல்லை அழித்து, டெர்மினலில் அப்டேட்-கிரப் (update-grub) கட்டளையைக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

என்விடியா சிப் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் எச்டிஎம்ஐ போர்ட் நேராக என்விடியா சிப்போடு இணைந்திருக்கும், லேப்டாப்பின் சொந்தத் திரையோ இன்டெல் சிப்பில் ஓடும். என்விடியா டிரைவர் ஏறாவிட்டால் லேப்டாப் திரை நன்றாக இருக்கும், வெளி மானிட்டர் இருட்டாகவே கிடக்கும். உபுண்டுவில் கூடுதல் டிரைவர்கள் என்ற இடத்திலும் மின்ட்டில் டிரைவர் மேனேஜரிலும் போய்ப் போட்டுக்கொள்ளலாம். லேப்டாப்பின் அடிப்படை அமைப்பான பயாஸில், கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கிற செக்யூர் பூட் போட்டிருந்தால் டிரைவர் நிறுவியும் ஏறாமல் நிற்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

வயரை மாற்ற வழியில்லை, அல்லது மானிட்டரில் உள்ள சிப்பே கெட்டுவிட்டது என்ற நிலையில் ரெசல்யூஷனைக் கையால் எழுதிக் கொடுக்கலாம். சிவிடி (cvt) என்ற கட்டளைக்கு 1920, 1080 என்று கொடுத்தால் நீளமாக ஒரு வரியைக் கணக்குப் போட்டுத் தரும். அதை எக்ஸ்ரேண்டரில் புது மோட் என்று சேர்த்து, போர்ட்டோடு இணைத்து, அந்த அளவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இதை எத்தனையோ பேர் இணையத்தில் பார்த்துச் செய்துவிட்டு, மானிட்டரில் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்ததும் பயந்து விட்டுவிடுகிறார்கள். காரணம் இதுதான். சிவிடி சாதாரணமாகத் தருகிற வரி பழைய குழாய் மானிட்டருக்கு வேண்டிய இடைவெளியோடு கணக்குப் போட்டது. திரையில் தெரிவது 1920-க்கு 1080 என்றாலும், ஓரத்தில் தெரியாமல் விடுகிற இடைவெளியையும் சேர்த்தால் 2576-க்கு 1120 ஆகிவிடும். நொடிக்கு 60 முறை அனுப்ப 173 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். பழைய எச்டிஎம்ஐ, டிவிஐ என்ற இன்னொரு வகை இணைப்பின் ஒற்றை இணைப்பு ரகம் ஆகியவற்றின் எல்லையோ 165. ஆகவே போகாது. அதே சிவிடி கட்டளையில் இடைவெளியைக் குறைக்கும் ஆர் (-r) என்ற குறியைச் சேர்த்துக் கொடுத்தால், அது 2080-க்கு 1111 என்று சுருங்கி 138.5 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். தட்டைத் திரைக்கு அந்தப் பெரிய இடைவெளி தேவையே இல்லை. இந்த ஒரு எழுத்தைச் சேர்க்காததால்தான் "மானிட்டர் ஏற்கவில்லை" என்று பலர் முடிவு கட்டியிருக்கிறார்கள்.

இப்படிச் செய்தது லாக்-அவுட் செய்தால் போய்விடும், ஆகவே எக்ஸ்புரொஃபைல் (.xprofile) என்ற கோப்பில் அந்த வரிகளை எழுதி வைக்க வேண்டும். மின்ட்டின் சின்னமன் பதிப்பு இன்றைக்கும் சாதாரணமாக, திரையில் படம் காட்டுகிற பழைய ஏற்பாடான எக்ஸ்11-ல் ஓடுவதால் இது அங்கே நடக்கும். உபுண்டுவிலோ சாதாரணமாக அதற்குப் பதிலாக வந்த வேலண்ட் ஓடுகிறது, அதில் எக்ஸ்ரேண்டரை வைத்துப் புது அளவு சேர்க்க முடியாது. உபுண்டு 22.04, 24.04 பதிப்புகளில் லாகின் திரையின் பல்சக்கரக் குறியை அழுத்தி, எக்ஸ்11-ல் ஓடுகிற எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 25.10-ல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். வேலண்டிலேயே இருக்க வேண்டுமென்றால் கிரப் கோப்பில் கர்னலுக்கே வீடியோ என்ற குறிப்பாகப் போர்ட் பெயரையும் அளவையும் எழுதிவிடலாம், அல்லது நல்ல ஒரு இ.டி.ஐ.டி. கோப்பை ஃபர்ம்வேர் கோப்புறையில் வைத்து மானிட்டரின் தகவலுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள் என்று சொல்லலாம். கொஞ்சம் பழகியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் நல்லது.

இதையெல்லாம் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் தமிழ் எழுத்து. நான் வீரவநல்லூரில் வீட்டில் இருந்தபடி தமிழ்ப் புத்தகங்களுக்குத் தட்டச்சும் பிழை திருத்தமும் செய்கிறேன். தட்டைத் திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை செய்யும்போதே நிச்சயமாகிவிட்டது. எங்கள் ஊர்த் தறியில் பாவு நூலின் எண்ணிக்கை முதலிலேயே முடிவாகிவிடுவது போல. அந்த எண்ணிக்கைக்கு வரையாத டிசைனை ஏற்றினால் பூ கோணிக்கொள்ளும். 1366-க்கு 768 உள்ள மானிட்டரில் 1024-க்கு 768 அனுப்பினால், உயரத்தில் கோடுகள் சரியாகப் பொருந்துகின்றன, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு இழுபடுகிறது. இங்கிலீஷ் எழுத்து அதிலும் எப்படியோ படிக்கும்படி இருந்துவிடும். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற ஒரு புள்ளி கலங்கிப் போனால் க் என்பதும் க என்பதும் ஒன்றாகிவிடும். கி என்பதற்கும் கீ என்பதற்கும் இருக்கிற வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழி. ள, ழ இரண்டையும் சின்ன எழுத்தில் பிரித்தறிவது நல்ல திரையிலேயே சிரமம். நாள் முழுக்க இப்படி ஒரு திரையைப் பார்த்துப் பிழை திருத்துகிறவர்கள் கண்ணும் கெட்டு, பிழையும் விட்டு, பழி மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

1366-க்கு 768 மானிட்டருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இ.டி.ஐ.டி. தகவலில் வழக்கமான அளவுகளை எழுதும் பகுதி, அகலத்தை எட்டின் மடங்காகத்தான் ஏற்கும். 1366 எட்டால் வகுபடாது. அதனால் பட்டியலில் 1360 என்றோ 1368 என்றோ வந்து நிற்கும், எழுத்தின் செங்குத்துக் கோடுகள் அங்கங்கே மட்டும் மங்கலாகத் தெரியும். விஜிஏவில் மாட்டியிருந்தால் சரியான அளவைத் தேர்ந்தெடுத்த பிறகு மானிட்டரில் இருக்கிற ஆட்டோ பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலும் அதிலேயே சரியாகிவிடும்.

வயதானவர்கள் எழுத்து பெரிசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்வதையும் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். மானிட்டருக்கு உரிய முழு அளவிலேயே வைத்துக்கொண்டு, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேலிங்கை 125 சதவீதமாக வையுங்கள், அல்லது எழுத்தளவை மட்டும் கூட்டுங்கள். எழுத்து பெரிசாகவும் இருக்கும், தெளிவாகவும் இருக்கும். டிவியில் மாட்டும்போது நாலு ஓரமும் வெட்டுப்பட்டால் அது லேப்டாப் கோளாறு இல்லை, டிவியின் மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்கிற மாதிரி ஒன்று இருக்கும், அதை வைத்தால் போதும். 4கே டிவியில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் எச்டிஎம்ஐ 1.4 காரணமாக இருக்கலாம், அதில் 4கே நொடிக்கு 30 படம்தான் போகும்.

2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வீட்டில் அது இருந்தது. லினக்ஸ் இங்கே நேற்று வந்த விருந்தாளி இல்லை. ஆனாலும் அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் நாங்குநேரியிலும் ஒருவர் தமிழில் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள இடம் இல்லை, பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வர வேண்டியிருக்கிறது, வந்தாலும் பதில் "விண்டோஸ் போடுங்க" என்பதுதான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு நல்ல விஜிஏ வயரும் ஒரு நல்ல எச்டிஎம்ஐ வயரும் மேசையிலேயே தனியாக வைத்திருங்கள், யார் வந்தாலும் முதலில் அதை மாட்டிப் பாருங்கள், அதற்கப்புறம் மானிட்டரைப் பற்றிப் பேசுங்கள். கன்வர்ட்டர் விற்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்றும், எத்தனை அளவு வரை போகும் என்றும் பில்லில் எழுதிக் கொடுங்கள், சரிவராவிட்டால் மாற்றிக் கொடுங்கள். பள்ளிக் கணினி அறைகளிலும் நூலகங்களிலும் ரெசல்யூஷன் வரவில்லை என்பதற்காக ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிற மானிட்டர்களை, கழித்துக்கட்டும் பட்டியலில் சேர்க்கும் முன் ஒரு தடவை வேறு வயரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒதுக்கியதில் பாதியாவது மறுபடி மேசைக்கு வரும் என்பது என் நம்பிக்கை.

உங்களிடமும் ஒன்று. சினிமாவுக்கும் ஜோசியத்துக்கும் ஒதுக்குகிற இடத்தில் வாரம் ஒரு சின்னப் பெட்டி, லினக்ஸ் வைத்திருக்கிறவர்களின் கேள்விக்குத் தமிழில் பதில் என்று, ஒதுக்கித் தாருங்கள். கேள்வி அனுப்புகிறவர்கள் "படம் சரியில்லை" என்று மட்டும் எழுதாமல், லேப்டாப் மாடல், மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண், நடுவில் மாட்டியிருக்கிற வயர் அல்லது கன்வர்ட்டர் எது, எக்ஸ்ரேண்டர் காட்டுகிற பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால், பதில் சொல்ல என்னைப் போல நாலு பேர் இந்தப் பக்கம் இருக்கிறோம். காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.